மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகு

என்னைச் சண்டைக்காரி என்று ஏற்காட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு என் முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். எண்பதுகளின் நடுவில் அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். போனை எடுத்தால் நான்தான் வருவேன். எந்த ஊர், எந்த நம்பர் என்று கேட்டு, ஒயரை எடுத்துப் பலகையில் உள்ள துளையில் சொருகி இணைத்து விடுவேன். "மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசறீங்களா?" என்று நடுவில் புகுந்து கேட்பதும் நான்தான். மெட்ராசுக்கு லைன் கிடைக்கவில்லை என்று எஸ்டேட் முதலாளிகள் கத்துவார்கள். நான் அவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாகக் கத்துவேன். வீட்டிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் கொட்டச்சேட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். அவரும் நானும் சண்டை போடாமல் ஒரு நாள் போனால், எங்கள் ஏழு வயது மகள் சந்தேகத்தோடு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

அப்படிப்பட்ட வீட்டில் ஏறக்குறைய பத்து வாரம் யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் வாழ்க்கையில் அதைப் போல மோசமான பத்து வாரம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பங்குனியில் முதலில் மகளுக்குத்தான் அம்மை போட்டது. எட்டோ பத்தோ முத்துகள், லேசான காய்ச்சல். அடிவாரத்தில் இருந்து என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வேப்பிலைக் கட்டோடு பஸ் ஏறி வந்துவிட்டார். வந்ததும் வீடு அவர் கைக்குப் போய்விட்டது. வாசலில் வேப்பிலை சொருகினார். தாளிப்பு கிடையாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே ஏறக்கூடாது. தலை சீவக்கூடாது. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. தப்பித் தவறி வந்தவர்கள் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது, சொன்னால் ஆத்தாவும் கூடவே கிளம்பிவிடுவாளாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முத்துப் போட்டவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, திட்டக்கூடாது, கேட்டதை மறுக்கக்கூடாது. உடம்பில் இருப்பது மாரியாத்தா.

ஒன்பது நாள் என் மகளை எல்லாரும் "ஆத்தா, இளநி குடிக்கறீங்களா?" என்று கேட்டார்கள். அவள் அதை நன்றாகவே அனுபவித்தாள். பிறகு வெயிலில் வைத்துச் சூடேற்றிய மஞ்சள் வேப்பிலைத் தண்ணீரை, ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை தலைக்கு ஊற்றி ஆத்தாவை மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று சாயங்காலமே அவள் என்னிடம் முதுகில் ஓர் அடி வாங்கினாள்.

அடுத்து எனக்கு வந்தது. எனக்கு எட்டுப் பத்து இல்லை, வாய்க்குள், இமைக்குள் எல்லாம் போட்டது. நாலாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. உட்கார்ந்தாலும் முடியவில்லை, படுத்தாலும் முடியவில்லை. என் உதடு நீலமாகிவிட்டதைப் பார்த்த என் வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் எஸ்டேட் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். என்னைப் போர்வையோடு தூக்கினார். அண்ணி வழியை மறித்தார்.

"வேண்டாம் தம்பி. தண்ணி ஊத்தாம ஆத்தாவ வாசல் தாண்ட வெக்காத. கோவிச்சுக்கிட்டாங்கன்னா நம்மளால தாங்க முடியாது."

"மூச்சு உட முடியலக்கா அவளால. நகருங்க."

அவர் அண்ணியை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றுதான். அன்று அவர் என்னைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன்.

சேலத்தில் தொற்று நோய்க்காரர்களைத் தனியாக வைத்திருந்த இடத்தில் பத்தொன்பது நாள் கிடந்தேன். பெரியவர்களுக்கு அம்மை போட்டால் சில சமயம் நுரையீரலுக்குள்ளும் இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அந்த நாட்களில் பாதி எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கிற பாதி நடக்காதது. ஆக்சிஜன் குழாயோடு கிடந்தபடியே நான் டியூட்டி பார்த்தேன். பலகையில் எல்லா நம்பரில் இருந்தும் ஒரே நேரத்தில் அழைப்பு விழும். யாரோ யாருக்கோ அவசரமாக ஏதோ சொல்லியாக வேண்டும் என்று கதறுவார்கள். என் கையில் ஒரு ஒயர்கூட இருக்காது. விழித்துப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே என் வீட்டுக்காரர் நிற்பார். உள்ளே விடமாட்டார்கள். அவர் கையை ஆட்டுவார், உதடு அசையும், சத்தம் வராது. அதுவும் கனவுதான் என்று நினைத்து நான் பதிலுக்குக் கையை ஆட்டவில்லை. ஒரு நாள்கூட ஆட்டவில்லை. அவர் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

நெஞ்சு தெளிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு மாதம் கழித்து வந்து காட்டவேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வளைவுகளில் ஜீப் ஏறும்போது, வீட்டுக்குப் போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். வாசலில் ஜீப் நின்றதும் மகள் ஓடி வந்தாள். அண்ணி அவளைப் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டார்.

"தொடாத சாமி. ஆத்தாவுக்கு இன்னும் தண்ணி ஊத்தல."

முத்துகள் எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே காய்ந்து உதிர்ந்திருந்தன. இருந்தாலும் முறையாக மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். நானும் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். மூன்றாம் தண்ணீர் ஊற்றி, புதுச் சேலை கட்டி, என்னைக் கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அண்ணி என் முகத்தையே பார்த்தார். நான் எழுந்து பழையபடி ஏதாவது சொல்வேன், சமையலறைக்குள் போய் யாரையாவது விரட்டுவேன் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் விளக்கு வைக்கும்போதும் அங்கேயேதான் இருந்தேன்.

எனக்குள் என்ன நடந்தது என்று இன்றைக்குச் சொல்ல வார்த்தை இருக்கிறது. அன்றைக்கு இல்லை. சோகம் என்றால்கூடப் பரவாயில்லை, அழுது தீர்த்திருப்பேன். எனக்கு எதுவுமே இல்லை. சோற்றைப் பார்த்தால் மண்ணைப் பார்ப்பது போல இருந்தது. சாம்பார் தாளிக்கிற வாசனை குமட்டியது. கையைத் தூக்கித் தலை சீவுவது மலையேறுகிற வேலையாகத் தெரிந்தது. யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால் உள்ளே ஓடி ஒளிய வேண்டும் போல இருந்தது. தூக்கம் போய்விட்டது. பேச வாய் திறந்தால், பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று வாய் தானாக மூடிக்கொண்டது.

இப்போது அதையே அண்ணியின் கண்ணால் பாருங்கள். தாளித்தது வேண்டாம் என்கிறாள். தலை சீவ விடமாட்டேன் என்கிறாள். வெளியாட்கள் ஆகவில்லை. கூழும் மோரும் மட்டும் இறங்குகிறது. கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்கிறது. ஆத்தா இருக்கிற உடம்புக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் என்னிடம் இருந்தன. என் நோய் விரும்பியதெல்லாம் ஆத்தாவின் விருப்பமாகிவிட்டது. ஊசி போட்டு, ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, மாட்டை ஏற்றுவது மாதிரி ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனதில் ஆத்தா கோபித்துக்கொண்டாள், தண்ணீருக்கு இறங்க மறுத்துவிட்டாள் என்று அண்ணி முடிவு கட்டினார். ஆடியில் சேலத்துக்குக் கூட்டிப்போய் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்து மன்னிப்புக் கேட்பது, அதுவரைக்கும் வீட்டை அம்மை வீடாகவே வைத்திருப்பது என்று பேசி வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. பட்டது போதாதா?

அண்ணியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தன் வீட்டை, தன் மாட்டை விட்டுவிட்டு வந்து எனக்குக் கூழ் காய்ச்சிக் கொடுத்தவர். என்னைத் தொடும்போதெல்லாம் முதலில் கன்னத்தில் போட்டுக்கொள்வார். "வா கண்ணு" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் "வாங்க ஆத்தா" என்றார். என் வீட்டுக்காரரும் அப்படியே மாறினார். வேலைக்குக் கிளம்பும்போது என் முன்னால் நின்று கை கூப்பிவிட்டுப் போவார். திரும்பி வந்தால் நாற்காலியில் உட்காரமாட்டார், தரையில் தள்ளி உட்காருவார். "எதுனாலும் வேணுமுங்களா?" என்று கேட்பார். என்ன பண்ணுகிறது என்று கேட்கமாட்டார்.

உள்ளதைச் சொல்வதானால், முதல் பத்துப் பதினைந்து நாள் எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை, சாப்பிடு என்று வற்புறுத்தவில்லை. ஒரு தடவை, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல், "எல்லாரும் போங்க" என்றேன். அரை நொடியில் கூடம் காலியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள், ஒரு லாட்ஜில் சமையல் வேலை பார்ப்பவரின் மனைவி, வாசப்படிக்கு வெளியே நின்று, "ஆத்தா, எங்க ஆட்ட மூணு நாளாக் காணமுங்க, திரும்பி வருமுங்களா?" என்று கேட்டார். அவரை அனுப்பினால் போதும் என்று "வரும்" என்றேன். பாழாய்ப்போன ஆடு அன்று சாயங்காலமே வந்துவிட்டது. மறுநாள் வாசலில் மூன்று பேர் நின்றார்கள்.

எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரும் வரவில்லை. அம்மை வீடு, அவர்களுக்கும் குழந்தை குட்டிகள் உண்டு. லீவு எழுதிக் கொடுக்க வேண்டிய தாளை மட்டும் யாரோ கொண்டுவந்து வெளிச் சுவரின் மேல் வைத்து, பறக்காமல் இருக்கக் கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணியைப் பார்க்க வந்தவர்களும் சொல்லிக்கொள்ளாமலேதான் போனார்கள். பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், திடீரென்று இருக்காது. எழுந்து பார்த்தால் வாசல் காலியாக இருக்கும். சொல்லிக்கொண்டு போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் இங்கே இருக்கிறேன் என்பதை யாராவது ஒருவர் தினமும் வாயால் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னைச் சுற்றி நாலு பேர் நடமாடிய வீட்டில் நான் தனியாகக் கிடந்து செத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை முடிவதற்குள் நான் இருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதில் ஆவேசம் ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டது போல நிதானமாகத்தான் தோன்றியது. இவர்கள் கும்பிடுவது என்னை இல்லை. நான் போனால் இவர்களுக்குக் குறையப் போவது எதுவும் இல்லை. இந்த மாதிரிப் பைத்தியக்காரக் கணக்கு அந்த நேரத்தில் எவ்வளவு நியாயமாகத் தெரியும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். கோடை விடுமுறையில் மகள் எந்நேரமும் வீட்டில் இருந்தாள். அதனால் பள்ளிக்கூடம் திறக்கிற நாள் என்று மனதுக்குள் முடிவு செய்தேன். அவள் காலையில் கிளம்பிப் போன பிறகு. அதை நினைத்தபோது எனக்கு நெடுநாள் கழித்து ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

மகள் அந்த இரண்டு மாதமும் என் பக்கத்தில் வராமல் வளர்ந்தாள். தூரத்தில் நின்று பார்ப்பாள். அண்ணி சொல்லிக் கொடுத்தபடி காலையும் மாலையும் கும்பிட்டுவிட்டு ஓடிவிடுவாள். அவளுக்குக் கை நீட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, கை வரவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலை, அண்ணி கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வெளியே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் புதுச் சீருடையில் வந்து என் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். இரட்டை ஜடை, ஒன்று மேலே, ஒன்று கீழே. வழக்கம் போலக் கும்பிட்டுவிட்டு ஓடவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இன்னும் கிட்டே வந்தாள். அவ்வளவு கிட்டே அவள் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆத்தா, எங்கம்மாவ வுட்டுட்டுப் போயிருங்க. எங்கிட்ட வந்தப்ப ஒம்பது நாள்ல போயிட்டீங்கல்ல, அதே மாதிரி. நான் மூணாங்கிளாசு போறேன். அத்தைக்கு ஜடை பின்னவே தெரியல, நொம்ப இழுக்கறாங்க."

நான் அசையவில்லை. அவள் கண்ணைத் திறக்காமலே இன்னும் மெதுவாகக் கேட்டாள்.

"எங்கம்மாவ எங்க வெச்சிருக்கீங்க? அவங்களுக்குச் சோறு போடறீங்களா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவள் உதட்டுக்கு மேல் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது. நான் இங்கேதான் இருக்கிறேன் கண்ணு என்று சொல்ல வேண்டும். நாலே வார்த்தை. ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை பேசிச் சம்பளம் வாங்கிய எனக்கு அந்த நாலு வார்த்தை வரவில்லை. எனக்கே அது உண்மையா என்று தெரியவில்லை. வெளியே அவள் அப்பா கூப்பிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பள்ளிக்கூடம் நாலு வீடு தள்ளித்தான், அவரே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குப் பயம் வந்தது. இரண்டு மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். நான் போய்விட்டால் இவள் ஆயுசுக்கும் மாரியாத்தாதான் தன் அம்மாவை எடுத்துக்கொண்டாள் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டே இருப்பாள். அம்மாவுக்குச் சோறு போட்டார்களா இல்லையா என்று தெரியாமலே வளர்வாள்.

எனக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னால் அண்ணி விடமாட்டார். ஆத்தா சொன்னால் யாரால் மறுக்க முடியும்? எழுந்து நின்றேன். என் வீட்டுக்காரர் உள்ளே வந்ததும், அண்ணியையும் கூப்பிட்டு, எக்ஸ்சேஞ்சில் கத்துகிற குரலில் சொன்னேன்.

"என்னைய அந்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

அண்ணி ஈரக் கையோடு அப்படியே தரையில் விழுந்தார். "உத்தரவுங்க ஆத்தா" என்றார். என் வீட்டுக்காரர் சாவியை எடுத்தார். நான் செய்தது பித்தலாட்டம். சாமியை வைத்து நான் செய்த பித்தலாட்டத்துக்கு சாமி என்னை மன்னிக்கட்டும். அதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சீட்டில் போட்டிருந்த நாள் எப்போதோ கடந்திருந்தது. சின்ன வயதுப் பெண் டாக்டர் ஒருவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு சீட்டை மடிக்காமல் என்னையே பார்த்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லீங்க" என்றுதான் வாயில் வந்தது. அதற்காகவே பித்தலாட்டம் செய்து வந்தவள் நான்.

"தூங்கறீங்களா?"

"இல்லீங்க."

"சாப்பாடு?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?"

நாளைக்கு மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டார். இப்படி ஒரு கேள்வியை வாயால் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

"இன்னைக்குத்தானுங்க போறதா இருந்தேன்" என்றேன்.

எனக்குப் பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த மாதிரி பெரிய காய்ச்சலில் கிடந்து, மூச்சு முட்டிச் சாகப் பிழைக்கக் கிடந்துவிட்டுப் போகிறவர்களுக்கு, உடம்பு தேறின பிறகு மனசு படுத்துக்கொள்வது உண்டு என்றார். உங்கள் தப்பு இல்லை, யார் தப்பும் இல்லை, வைத்தியம் இருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாய் திறந்தார்.

"பைத்தியமுங்களா டாக்டர்?"

"இல்லீங்க. நோய்."

அந்தப் பெண் டாக்டரே கூட வந்து மனநோய் பார்க்கிற டாக்டரிடம் எங்களைக் காட்டினார். அவர் வயதானவர், நிதானமாக எல்லாவற்றையும் கேட்டார். மாத்திரை எழுதினார். குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதுவரை என்னைத் தனியாக விடக்கூடாது, அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார். வீட்டில் என்னோடு முன்பு போலப் பேசுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"முன்ன நாங்க சண்டைதானுங்க போடுவோம்."

"அதையே போடுங்க" என்றார் டாக்டர்.

திரும்பும்போது பாதி மலை ஏறியதும் என் வீட்டுக்காரர் ஒரு வளைவில் ஜீப்பை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அக்கா சொன்னதக் கேக்காம உன்னத் தூக்கிட்டுப் போனது நாந்தான். ஜன்னல்ல நின்னு தினமும் கையாட்டுனேன், நீ மொறச்சுப் பாத்தியே தவிர ஒரு நாள் ஆட்டல. ஆத்தாதான் எம்மேல கோவமா இருக்கறாங்கன்னு நெனச்சேன்."

"ரெண்டு மாசமா ஒரு தடவையாச்சும் உனக்கு என்ன பண்ணுதுன்னு கேட்டீங்களா?" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது எனக்கே கேட்டது.

"யாருகிட்டன்னு கேக்கறது? நீ இருக்கறியா இல்லியான்னே தெரியலயே."

மகள் கேட்டதைத்தான் அவரும் கேட்டார். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

மாத்திரை ஒரே நாளில் எதையும் செய்துவிடவில்லை. முதல் வாரம் வாய் உலர்ந்தது, தலை சுற்றியது. அண்ணி, ஆத்தாவே கேட்டு வாங்கிய மருந்து என்று நம்பி, வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் நான்கு நாள் லீவு போட்டுக் கூடவே இருந்தார். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அடுப்பில் வெங்காயம் வதங்குகிற வாசனை வந்து எனக்குப் பசித்தது. அதற்கு அடுத்த வாரம், கஞ்சியில் உப்புப் போட்டீர்களா இல்லையா என்று நான் சிடுசிடுத்தபோது என் வீட்டுக்காரர், "தின்னு பாத்துட்டுச் சொல்றது" என்று பதிலுக்குச் சிடுசிடுத்துவிட்டு, உடனே பயந்து போய் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகை நல்ல அழுகை. அண்ணி ஆடிக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார். கிளம்பும்போது என் தலையைத் தடவி "வரட்டுமா கண்ணு" என்றார்.

மகள் மட்டும் இன்னும் தயங்கினாள். கிட்டே வருவாள், ஆனால் நான் சட்டென்று திரும்பினால் ஓரடி பின்னால் போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் நன்றாக ஏறியிருந்தது, அவளை முன்னால் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்து ஜடை பின்னிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள்.

"ஆத்தா எப்பம்மா போனாங்க? நான் கேட்டேனே, அன்னைக்கேவா?"

தான் கேட்டுத்தான் ஆத்தா போனாள் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். அதில் அவளுக்கு எவ்வளவு பெருமை என்று குரலிலேயே தெரிந்தது. ஆமாம் கண்ணு, நீ கேட்டதும் போயிட்டாங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் இந்த நோய் எப்போதாவது திரும்பி வந்தாலும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்தால் இவள் மறுபடியும் கை கூப்பிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள். அதை என்னால் இன்னொரு தடவை தாங்க முடியாது.

"ஆத்தா வரவே இல்ல கண்ணு" என்றேன். "அம்மாவுக்கு மனசுல நோவு வந்திருச்சு. அவ்வளவு நாளும் நாந்தான் இருந்தேன்."

அவள் முதுகு விறைத்திருந்தது.

"நான் தினமும் கும்பிட்டப்ப?"

"நாந்தான்."

"அம்மாவுக்குச் சோறு போடறீங்களான்னு கேட்டப்ப?"

"நாந்தான் கண்ணு."

திரும்பினாள். பாதி பின்னிய ஜடை என் கையில் இருந்து நழுவிப் பிரிந்தது. நான் அதுவரை அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தைப் பார்த்ததில்லை.

"அப்ப நான் பேசுனது கேட்டுச்சுல்ல உனக்கு? கேட்டும் ஏன் பேசல?"

"பேச முடியல சாமி."

"பொய்!"

கையை முறுக்கிக்கொண்டு என் நெஞ்சில் குத்தினாள். மறுபடி குத்தினாள். என் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு உள்ளே இருந்து ஓடி வந்து அவளை இழுக்கப் பார்த்தார். விடுங்க, அடிக்கட்டும் என்றேன். அவள் அழுதுகொண்டே, ஏன் பேசல, ஏன் பேசல என்று கேட்டுக் கேட்டு, கை ஓயும் வரைக்கும் அடித்தாள்.